பனிக்குள் ஒலித்த ரம்பப்பல் அலை

காலை 6.42. முதலில் கண்ணில் பட்டது ஒரு சவுக்குக் கம்பம். அதன் கீழ்ப்பாதி மட்டும்தான் இருந்தது. மேல்பாதியும், முந்தின நாள் அதில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் பனிக்குள் போயிருந்தன. மேடைக்கு எதிரே வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று வரிசை தெரிந்தது. நான்காவது வரிசை தெரியவில்லை. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அலைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அதுவும் மேடை எந்தத் திசை பார்த்துப் போட்டது என்று முன்பே தெரிந்ததால்தான்.

பூரணாங்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள கடற்கரை. பல வருஷத்துக்கு முந்தின ஒரு தை மாதம், ஆற்றுத் திருவிழா நாள். மத்தியானம் சுற்று ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். மாலை நான்கு மணிக்கு நம் குழுவின் கச்சேரி. எட்டு மணிக்கு மேல் பக்திப் பாட்டு போட ஆரம்பித்துவிட்டால் ஒலி சோதிக்க முடியாது என்பதால் விடியும்போதே வந்திருந்தோம். கீபோர்டுடன் நான், மைக் செட்டுடன் ஏழுமலை. மற்றவர்கள் பதினோரு மணிக்கு வேனில் வருவதாக ஏற்பாடு.

இந்த வருஷம் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் நான் ஒத்திகைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, இப்பதான் ஆயிரம் டோன் ரெடியா வருதே. இந்த நாலு அலையத் தெரிஞ்சுகிட்டு இன்னா ஆவப் போவுது?" மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் தவறைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அன்று அதற்குத் தயாராக இல்லை.

அந்தத் திருவிழா நாளில் என்னிடம் இருந்த சிந்தசைசர் பழையது. இடது ஓரத்தில் நான்கு பொத்தான்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் படம். முதலாவது, வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும் வளைவு: சைன் அலை. அழுத்தின சுரம் மட்டும்தான் அதில் இருக்கும், வேறெதுவும் ஒட்டியிருக்காது. மெல்லிய சீழ்க்கைபோல் வரும். இரண்டாவது சதுர அலை. உள்ளே ஏதோ காலியாக இருப்பதுபோல் தோன்றும், மூங்கில் குழாயை ஊதின மாதிரி. மூன்றாவது ரம்பப்பல் அலை. அடிச்சுரத்தோடு சேர்ந்து மேலே ஒலிக்கக்கூடிய அத்தனை சுரங்களும் அதில் இருக்கும். மூக்கால் பேசும், காதை அறுக்கும். வயலின், நாயனம் எதைச் செய்வதானாலும் அங்கேதான் தொடங்குவோம். தொடங்கி, வடிகட்டி, மழுக்கி, ஆட்கள் கேட்கும்படி ஆக்குவோம். நான்காவது பொத்தான் இரைச்சல். எல்லாச் சுரமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் தனியாக ஒரு சுரமும் அதில் கேட்காது. மழை, காற்று, குக்கர் ஆவி எல்லாம் அதிலிருந்து வரும்.

அந்த வட்டாரத்தில் எனக்கு இருந்த பெயர் முதல் பொத்தானால் வந்தது. சைன் அலையை எடுத்து, அதன் மேல் எக்கோவைப் போட்டு, ஒரு சுரத்தை நீளமாக இழுப்பேன். பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் வரை "அந்த அண்ணன் புல்லாங்குழல்" என்று அதைச் சொல்வார்கள். அது புல்லாங்குழல் இல்லை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

சோதனையைத் தொடங்குவதற்குள் ஒரு பெண் மேடைப் படியில் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் செல்போன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அதிலிருந்து இன்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"சார், அந்தக் குழாயக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பி எதனா சத்தம் வெய்யுங்க. எங்க வூட்டுக்காரரு வெளிய மாட்டிகிட்டாரு."

பெயர் அஞ்சலாட்சி. பக்கத்துக் குப்பத்தில் வீடு. தெருத்தெருவாக மீன் விற்பவர். கணவர் கலியமூர்த்தியும், அஞ்சலாட்சியின் தம்பி சேகரும் விடியுமுன் ஃபைபர் படகில் கரையோர வலைக்குப் போயிருந்தார்கள். வலையை இழுக்கும்போது திருக்கை ஒன்று வாலை வீசி, கலியமூர்த்தியின் வலது முழங்காலுக்குப் பின்னால் முள் இறங்கிவிட்டது. சேகர் முள்ளைப் பிடுங்கிவிட்டான். பிடுங்கியதும் ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. துண்டால் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தான். திசை காட்டும் கருவி முந்தின வாரமே ரிப்பேருக்குப் போயிருந்தது. மற்ற படகுகள் பனி விலகும்வரை வெளியிலேயே நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. இவர்களால் காத்திருக்க முடியாது.

அந்தக் கரை உங்களுக்குத் தெரியும். மேடைக்கு நேராகக் கடலோரம் மணல். தெற்கே, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். வடக்கே சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடம், அங்கே மணல்திட்டும் சுழலும். படகு ஏற முடிந்தது நடுவில் இருந்த இருநூறு அடி மணலில்தான். கரையில் இருந்தவர்கள் அதுவரை டின்னைத் தட்டியிருந்தார்கள், கத்தியிருந்தார்கள். ஒரு மினி லாரியின் விளக்கைக் கடலைப் பார்த்து எரியவிட்டிருந்தார்கள். வெளிச்சம் போகவில்லை. டின் சத்தத்தை இன்ஜின் விழுங்கிவிட்டது. இன்ஜினை நிறுத்தினால் நீரோட்டம் படகைக் கல் பக்கம் இழுத்தது.

ஏழுமலை கம்பங்களில் ஏறி இரண்டு ஒலிபெருக்கிகளையும் கடல் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். மேடையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, நடுவில் அறுபது அடி. "வாசிண்ணே" என்றார்.

மணி 6.54. நான் சைன் அலைப் பொத்தானை அழுத்தினேன்.

அப்போது யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. சுத்தமான ஒலி சிதறாமல் தூரம் போகும் என்று நினைத்தேன். இழுத்துப் பிடித்தால் விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டே வரலாம் என்று நினைத்தேன். நடு ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே வைத்தேன். பனிக்குள் அது அழகாகப் பரவியது. கரையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார்.

ஏழு நிமிடம் அந்தச் சுரத்தைப் பிடித்திருந்தேன். அந்த ஏழு நிமிடத்தில் எனக்கு நான்கடி தூரத்தில், ஸ்பீக்கரில் போட்ட போனோடு அஞ்சலாட்சி நின்றார். படகில் எப்படிக் கேட்கிறது என்று நான் அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மேடையில் எனக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவராகவே போனை என் பக்கம் நீட்டினார்.

"அக்கா, சத்தம் கேக்குதுக்கா" என்றான் சேகர். "எங்கருந்து வருதுன்னுதான் தெரில. முன்னாடியும் கேக்குது, பின்னாடியும் கேக்குது. சுத்திச் சுத்தி வரன்."

"மாமா இன்னாடா பண்றாரு?"

"முழிச்சிகிட்டுதான் கீறாரு. பேச மாட்டேன்றாரு."

ஒரு ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை நம் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கின்றன. அதற்கு ஒலியில் ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும்: ஒரு தொடக்கம், ஒரு முடிவு, அல்லது மேலே கூர்மையாக ஒட்டியிருக்கும் சுரங்கள். இழுத்துப் பிடித்த சைன் அலையில் இதில் எதுவும் இல்லை. பொம்மைக்கடைப் பந்துபோல எந்தப் பக்கம் தொட்டாலும் ஒரே வழவழப்பு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஏட்டுப் பாடமாகத் தெரியும். அந்த நிமிடத்துக்கு அது வந்து சேரவில்லை.

தவறு என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கம் ஓடினேன். ஒரே சுரம் போதவில்லை என்றால் எல்லாச் சுரமும் இருக்கட்டும் என்று நான்காவது பொத்தானை அழுத்தினேன். இரைச்சல். மணி 7.01. கரையே அதிர்ந்தது. ஏழுமலை காதைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப ஒண்ணும் கேக்கலக்கா" என்றது போன். "வெறும் அலைதான் கேக்குது. எல்லாப் பக்கமும் அலையா கீது. கல்லுல அடிக்கற அலையா, மணலு அலையான்னுகூடப் பிரிக்க முடில."

கச்சேரியில் கடற்கரைக் காட்சிப் பாட்டு வந்தால், ஆரம்பத்தில் அலைச் சத்தம் வர நான் அழுத்துகிற பொத்தான் அதுதான். அதுவரை இருபது வருஷமாக அதை வைத்துக் கடலை வாசித்தவன், கடலில் வழி தவறினவனுக்குக் கடலையே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

உடனே நிறுத்தினேன். அடுத்து எதை அழுத்துவது என்று தெரியவில்லை. விரல் சதுர அலைக்குப் போனது, திரும்பியது. மறுபடி சைனுக்குப் போய் ஸ்தாயியை மாற்றிப் பார்த்தேன். "அதேதான்க்கா" என்றான் சேகர். இப்படி நிமிடங்கள் போயின. ஏழுமலை வயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அப்படிச் செய்தார் என்று பின்னால் சொன்னார்.

அஞ்சலாட்சிக்குத்தான் பொறுமை போனது.

"சார், கோச்சுக்காதீங்க. நீங்க வாசிக்கறது நல்லாதான் கீது. நல்லா இருந்து இன்னா பண்றது? ஆளக் கூப்புடற மாதிரி இல்லியே!"

"எப்படிக் கூப்பிடணும்மா?"

"நான் தெருவுல மீன் கூவறன் இல்ல? இழுத்துகினே போனா வூட்டுக்குள்ள இருக்கறவளுக்கு எந்தத் தெருன்னே தெரியாது. இந்தத் தெருன்னு நெனச்சுகினு அந்தத் தெருவுக்கு ஓடுவா. வெட்டி வெட்டிக் கூவணும். கூவிட்டு வாய மூடணும். அப்பதான் கதவத் தொறந்து நேரா எங்கிட்ட வருவா." கூவியே காட்டினார். தொண்டையை அடைத்துக்கொண்டு, மூக்கு வழியாக, கரகரவென்று ஒரு வெட்டு. பிறகு மௌனம். பிறகு இன்னொரு வெட்டு.

அந்தக் குரலில் இருந்தது மூன்றாவது பொத்தான். நான் தினமும் வடிகட்டி மழுக்குகிற அதே கரகரப்பு, மழுக்காமல் முழுசாக இருந்தது.

ரம்பப்பல் அலையை அழுத்தினேன். ஒலியை மழுக்கும் ஃபில்டர் குமிழை முழுக்கத் திறந்தேன். ஒரு சுரத்தை அழுத்தி எடுத்தேன். அது முடிந்த பிறகும் "ஞ்ஞ்ஞ்" என்று பனிக்குள் இழுத்துக்கொண்டே போனது.

"ஏழுமல, எக்கோவக் கட் பண்ணு."

"எக்கோ இல்லாமயாண்ணே? சப்புனு இருக்கும்."

"கட் பண்ணுய்யா!"

நம் ஊர் மைக் செட்டில் எக்கோ இல்லாமல் "ஹலோ" என்று சொன்னால்கூட செட்டு ரிப்பேர் என்று நினைப்பார்கள். அதனால் அதை நாங்கள் அணைப்பதே இல்லை. அதுவரை நான் வாசித்த ஒவ்வொரு ஒலியும் எக்கோவோடுதான் கடலுக்குப் போயிருக்கிறது, ஒவ்வொன்றும் ஏழெட்டு நிழலோடு. சேகருக்கு எல்லாப் பக்கமும் கேட்டதில் அதற்கும் பங்கு இருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அறுபது அடி இடைவெளியில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கூடைக்காரி இரண்டு தெருவில் நின்று கூவ முடியாது.

"தெக்கு ஸ்பீக்கர் வயரப் பிடுங்கு. கல்லு அந்தப் பக்கம்தான். வடக்கு மட்டும் இருக்கட்டும்."

ஏழுமலை பிடுங்கினார். மணி 7.10.

அழுத்தினேன், எடுத்தேன். இரண்டு எண்ணினேன். அழுத்தினேன், எடுத்தேன். காது கொடுத்துக் கேட்க முடியாத ஒலி அது. கரகரப்பு, மூக்கடைப்பு, தகரத்தைக் கிழிப்பதுபோல் ஒரு ஆரம்பம். முன்பு கும்பிட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து போனார். நாய் ஒன்று குரைக்க ஆரம்பித்தது.

"கர்ண கொடூரமா இருக்குதுண்ணே" என்றார் ஏழுமலை.

"இருக்கட்டும்."

இந்தத் தடவை நானே போனைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, இப்ப எப்படிக் கேக்குது?"

இன்ஜின் சத்தத்துக்கு நடுவே நான் அழுத்தி எடுப்பது போன் வழியாக, ரொம்பச் சின்னதாக, ஒரு வண்டு அறுப்பதுபோல் எனக்கே திரும்பக் கேட்டது.

"வலக்கைப் பக்கம்! வலக்கைப் பக்கந்தான் சார். நான் கல்லப் பாத்து இல்ல போய்கினு இருந்தன்!"

"திருப்புடா, பாவி!" என்றார் அஞ்சலாட்சி.

"திருப்பிட்டன், திருப்பிட்டன். இப்ப மூக்குக்கு நேரா கேக்குது. நிறுத்திடாதீங்க சார்."

பதினான்கு நிமிடம் அதே ஒரு சுரம். நடுவில் ஒருமுறை விரல் பழக்கத்தில் இரண்டாவது சுரத்தைச் சேர்க்கப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்தினேன். நாற்பது வருஷ வாசிப்பில் நான் ஒரே சுரத்தை இத்தனை முறை வாசித்தது அன்றுதான். 7.24-க்குப் பனிக்குள் முதலில் படகின் நீல மூக்கு தெரிந்தது, பிறகு சேகர். வடக்கு ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, பத்தடி பிசகாமல், படகு மணலில் ஏறியது. எட்டுப் பேர் கலியமூர்த்தியைத் தூக்கினார்கள். தவளக்குப்பம் ஜங்ஷனிலிருந்து பனியில் ஊர்ந்து வந்த ஆம்புலன்ஸ் சாலையில் தயாராக நின்றது. அஞ்சலாட்சி ஆம்புலன்ஸுக்கு ஓடும்போது போனை என் கீபோர்டின் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் சேகரின் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகவும் இருந்தேன். மணி பார்த்துக் குறிப்பது அந்த வேலையில் வந்த பழக்கம். அன்று மதியம் செய்தி அனுப்பினேன். பனியில் தவித்த மீனவர்கள் ஒலிபெருக்கியின் உதவியால் கரை சேர்ந்தார்கள் என்று ஏழு வரி. அதில் எழுதியது எல்லாம் உண்மை. 6.54-க்கும் 7.10-க்கும் இடையே நடந்ததை எழுதவில்லை. மாலை கச்சேரியில் விழாக் குழுத் தலைவர் எனக்குச் சால்வை போட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

உங்களில் ஒருவர் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆயிரம் டோன்களும் வேறு யாரோ, வேறு எங்கோ உட்கார்ந்து, வேறு யாருக்கோ வடிகட்டி வைத்தவை. அவற்றில் எது நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் எது இப்போது தேவை என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், அந்த ஒலிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கும் நானே சாட்சி. நான்கு அலைகளையும் மனப்பாடமாகத் தெரிந்தவன்தான் நான். எனக்குப் பிடித்ததை முதலில் அழுத்தினேன். கேட்க வேண்டியவன் கடலில் இருந்தான். அவனிடம் கேட்க ஒரு போன் பக்கத்திலேயே இருந்தது.

கச்சேரிக்குப் போகும்போது மேடையை விட்டு இறங்கிக் கடைசி நாற்காலிவரை நடந்துபோய் ஒருமுறை கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் "நல்லா இருக்கு" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். வேறென்ன கேட்கிறது என்று கேளுங்கள். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை அப்படிச் செய்தேன். பல பேர் அதை என் பந்தா என்று நினைத்தார்கள்.

கலியமூர்த்தி பிழைத்துக்கொண்டார். ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தார். வலது கால் பழையபடி ஆகவில்லை. அது கட்டு அதிக நேரம் இறுகியிருந்ததாலா, முள் பட்ட இடத்தாலா, பதினாறு நிமிடம் முந்தியிருந்தால் வேறாக இருந்திருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். அஞ்சலாட்சி இதுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் தெருவுக்கு வரும்போது சங்கரா மீனோ கிழங்கா மீனோ எனக்கென்று நல்லதாக எடுத்து வைத்திருப்பார்.

கலியமூர்த்தி இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். வலது பாதத்தில் அவருக்கு உணர்வு இல்லை. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது என்பதால், அந்தக் கால் செருப்பை மட்டும் நைலான் கயிற்றால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்.